பதினைந்து கிலோமீட்டர் தடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு துர்கா பூஜைக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்த ஒரு வாரத்தில், ஜாதவ்பூரில் நான் ஒன்பது வருடங்களாக வேலை பார்த்த சிகிச்சை மையத்திலிருந்து விலகினேன். கடைசி நாள் மாலை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, ஒரு காகிதக் கட்டை கையில் கொடுத்தார்கள். சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் அது. நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்திக்கு மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தார்கள்.

அதில் எழுதியிருந்தது இதுதான். மையத்தை விட்டு விலகிய பிறகு இரண்டு வருடங்களுக்கு, மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் நான் இதே தொழிலைச் செய்யக் கூடாது. வேறு இடத்தில் சம்பளத்துக்கும் செய்யக் கூடாது, சொந்தமாகவும் செய்யக் கூடாது. மீறினால் நஷ்டஈடு.

அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பு அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். படித்தேனா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு எனக்கு வேலை கிடைத்த சந்தோஷம். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே போனேன்.

என் வேலை ஸ்பீச் தெரபி. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களை மறுபடி பேசப் பழக்குவது. நான் திருச்சிக்காரி. கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம் என்பதால் கல்யாணமானதும் இங்கே வந்தேன். முப்பதை நெருங்கும்போதுதான் வங்காளமே கற்றேன். வந்தேறி கற்றுக்கொண்ட மொழியை, அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுப்பதா என்று ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எந்த ஓசைக்கு உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே ஒட்டுகிறது என்றெல்லாம் யோசித்து யோசித்துக் கற்றவள் என்பதால் எனக்குச் சொல்லித்தரவும் வந்தது.

மையத்தில் இருந்த பட அட்டைகள் எங்கோ வெளிநாட்டில் அச்சானவை. பனிமனிதன், புல்வெட்டும் இயந்திரம் என்றெல்லாம் இருக்கும். கொல்கத்தாக்காரருக்குப் பனிமனிதன் எதற்கு? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே வரைந்தேன். ஹில்சா மீன், தேநீர் குடிக்கும் மண் குவளை, கொசுவலை, குளிருக்குப் போடும் மங்கி குல்லா, கைரிக்‌ஷா. ஒன்பது வருடங்களில் நூற்று நாற்பது அட்டைகள் சேர்ந்தன. மையத்துக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்தால் முதலில் சிரிப்பார்கள். பிறகு பேச முயல்வார்கள்.

விலகியதற்குக் காரணம் சண்டை இல்லை. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்று இருந்ததை இருபத்தைந்து நிமிடமாகக் குறைத்தார்கள். பேச்சு போனவர் ஒருவர் மூச்சைச் சீராக்கி முதல் சொல்லுக்கு வாயைத் திறக்கவே பத்து நிமிடம் ஆகும். இருபத்தைந்து நிமிடத்தில் அவர்களைப் பேசப் பழக்க முடியாது, பொய்தான் சொல்ல முடியும். இதை மைய இயக்குநரிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, ஆனால் காத்திருப்போர் பட்டியலைக் காட்டினார். ஒரு மாத அவகாசம் கொடுத்து விலகினேன். வேறு வேலை கிடைக்காமலா போகும் என்றுதான் நினைத்திருந்தேன். மஞ்சள் பத்தியைப் படிக்கும்வரை.

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படிக்கும் என் மகளின் பழைய ஜியாமெட்ரி பெட்டியைத் தேடி எடுத்தேன். நகரத்தின் வரைபடம் ஒன்றைப் பிரதி எடுத்து, ஜாதவ்பூரில் காம்பஸ் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் போட்டேன். நாங்கள் இருக்கும் லேக் கார்டன்ஸ் உள்ளே வந்தது. வடக்கே கடைசிவரை வந்தது. ஆற்றைத் தாண்டி ஹவுராவும் உள்ளே விழுந்தது. எனக்குத் தெரிந்த கொல்கத்தா முழுவதும் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

பூஜை முடிந்த கையோடு ஹவுராவில் ஒரு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். நல்ல இடம். படகில் ஏறினால் காற்று வாங்கிக்கொண்டே போய்விடலாம். என்னால் சேர முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டதற்கு வீட்டுச் சூழ்நிலை என்று பொய் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டாச்சு. போட்டா போட்டதுதானே? ரெண்டு வருஷம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிடும்" என்றார் கணவர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொன்னால், நஷ்டஈட்டுக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. கொடுத்த வாக்கு என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, தப்புக்குத் தண்டனை அனுபவிக்க வேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன். காலையில் ஏரியைச் சுற்றி நடப்பேன். எதிரே மையத்துக்கு வந்துகொண்டிருந்தவர் யாராவது வந்தால் பாதை மாறிப் போவேன். அவர்கள் என்னைப் பார்த்தாலே நான் ஏதோ விதியை மீறியதாகிவிடும் என்பதுபோல ஒரு பயம். இப்படியே ஐந்து மாதம் போனது.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், மையத்தில் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி நின்றிருந்தார். அவர் அலிப்பூர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீல். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அதனால் நான் அவரை தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் விலகுவதற்கு நாலு மாதம் முன்பு பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் சொல்ல நினைத்த சொல் வராது, வந்தால் வேறொன்று வரும். என்னிடம் வந்த நாலு மாதத்தில் மூன்று சொல் சேர்த்துப் பேசும் அளவுக்கு வந்திருந்தார்.

அன்றைக்குத் தனியாக சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்திருந்தார். என் முகவரியை எழுதிய ஒரு துண்டுத் தாளை இடது கையில் பிடித்திருந்தார். ரிக்‌ஷாக்காரரிடம் அதைக் காட்டித்தான் வந்திருக்கிறார். சோபாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நலம் விசாரித்தேன். பதிலுக்கு அவர் வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. என் போதாத காலம், அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. மூன்று சொல் போய், ஒரு சொல்லும் போய், ஆரம்பித்த இடத்துக்கே வந்திருந்தார். மையத்தில் என் இடத்துக்குப் புதிதாக வந்த பெண் கெட்டிக்காரிதான், ஆனால் இருபத்தைந்து நிமிடத்தில் அவளால் என்ன செய்ய முடியும்? தீதி சலித்துப்போய் மையத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

பக்கவாதம் வந்த முதல் வருடம் பொன்னான வருடம். அதில் ஐந்து மாதத்தை அவர் இழந்திருந்தார். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அதே ஐந்து மாதம்.

அவர் தன் வாயைத் தொட்டார், என்னைக் காட்டினார், பிறகு என் அறையைக் காட்டினார். இங்கே வரட்டுமா என்று கேட்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடியாது தீதி, எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி, அலமாரியிலிருந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்து மஞ்சள் பத்தியைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, மிக மெதுவாக. பத்து வரியைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முடித்ததும் நிமிர்ந்தார்.

"ஷாதாஷ்" என்றார்.

வங்காளத்தில் ஷாதாஷ் என்றால் இருபத்தேழு. பேச்சு போனவர்களுக்கு எண்கள் ரொம்பவே புரளும். இவருக்கும் அப்படித்தான். இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே ஒன்பது என்பார். அதனால் நான் என் தொழில் பழக்கத்தில், சொல்ல வந்தது வேறு, வந்து விழுந்தது இது என்று எடுத்துக்கொண்டேன். பதினைந்தைச் சொல்கிறீர்களா, பதினைந்து கிலோமீட்டரா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"ஷாதாஷ்."

இருபத்தேழாம் தேதியா? இருபத்தேழு மாதமா? அவர் கோபத்தில் டீப்பாயை ஓங்கித் தட்டினார். பிறகு என் பேனாவைப் பிடுங்கி, மஞ்சள் பத்திக்குப் பக்கத்திலேயே, பழக்கமில்லாத இடது கையால் கோணல் மாணலாக 2 என்றும் 7 என்றும் எழுதினார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவிடாமல், கையில் ஒப்பந்தத்தோடு என்னை வாசலுக்கு இழுத்துப் போனார்.

அவர் வீடு ரிக்‌ஷாவில் பத்து நிமிடம். முன்னறை முழுக்கச் சட்டப் புத்தகங்கள். தூசி படிந்திருந்தது. ஒன்பது மாதமாக யாரும் தொடவில்லை போலும். அவர் நேராகப் போய், தடித்தடிப் புத்தகங்களுக்கு நடுவே நோட்டுப் புத்தகம் போல மெல்லிசாக இருந்த ஒன்றை உருவினார். இந்திய ஒப்பந்தச் சட்டம். பக்கங்களை இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி, என் முன்னால் வைத்தார். இருபத்தேழாவது பிரிவு. மொத்தமே சில வரிகள்தான்.

நான் படித்தேன். சட்ட ஆங்கிலம் என்றாலும் இது எனக்கே புரிந்தது. சட்டப்படி செய்யக்கூடிய எந்தத் தொழிலையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கும் அந்த அளவுக்குச் செல்லாது. கீழே ஒரு விதிவிலக்கு. ஒருவர் தன் வியாபாரத்தை அதன் நல்ல பெயரோடு சேர்த்து விற்றுவிட்டுப் பக்கத்திலேயே அதே கடையைத் திறப்பது பற்றியது. அது எனக்குப் பொருந்தாது. நான் எதையும் விற்கவில்லை.

மறுபடி படித்தேன். மூன்றாம் முறை, அவரைப் போலவே வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தேன்.

"ஆனா நான் கையெழுத்துப் போட்டேனே தீதி" என்றேன்.

அவர் தன் இடது கையை என் கையெழுத்தின் மேல் வைத்து மூடினார். பிறகு சட்டப் புத்தகத்தைத் தூக்கி அந்தக் கையெழுத்தின் மேல் வைத்தார். ஒன்பது வருடமாக நான் எத்தனையோ பேருக்குச் சைகையில் பேசக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. சில வாக்குகளை ஒருவரிடம் வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லியிருக்கிறது. வாங்கினாலும் அது வாக்கு ஆகாது.

சரி, அப்படியானால் ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். வேகமாக மறுத்துத் தலையாட்டினார். ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு பச்சைப் பென்சிலும் எடுத்துக்கொண்டார். படிப்பது அவரை அடித்துப் போடும். அரைப் பக்கம் படித்தால் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் ஆறு பக்கத்தைப் பார்த்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. விலகிய பிறகான தடைக்குச் சிவப்பு. வேலையில் இருக்கும்போது வெளியே நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்குப் பச்சை. அது செல்லும். அப்படி யாரையாவது பார்த்தாயா என்பதுபோல என்னை நோக்கினார். இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் மறுத்துவிட்டேன் என்றேன். திருப்தியாகத் தலையசைத்தார். நோயாளிகளின் விவரங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதற்குப் பச்சை. மையத்து நோயாளிகளை நானாகக் கூப்பிட்டு இழுக்கக் கூடாது என்ற வரிக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஜாக்கிரதை என்று அர்த்தம். யாருக்கும் நீயாகப் போன் பண்ணாதே. பலகை மாட்டு. தேடி வருகிறவர் வரட்டும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்குப் பச்சை போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேலைக்காக நான் உருவாக்கியவை அனைத்தும் மையத்துக்குச் சொந்தம் என்றது அது. அவருக்கு என் அட்டைகள் தெரியும். ஹில்சா மீன் அட்டையைப் பார்த்துத்தான் அவர் பக்கவாதத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தார். விலகும்போது நான் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நான் வரைந்ததுதானே என்று அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"குடு" என்றார். அந்த இரண்டு நாளில் அவருக்கு வந்த இரண்டாவது சொல் அது.

எனக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் செல்லாத வரியைச் செல்லாது என்று சொல்ல வேண்டுமானால், செல்லுகிற வரிக்கு நான் கட்டுப்பட்டாக வேண்டும். அது எனக்குப் புரிந்தது.

மறுவாரம் எங்கள் தரைத்தள வீட்டின் முன்னறையைக் காலி செய்து, வாசலில் ஒரு சின்னப் பலகை மாட்டினேன். முதல் ஆளாக தீதி வந்தார். ஏரிக்கரையில் நடக்கும் ஒருவர் பலகையைப் பார்த்துத் தன் அண்ணனைக் கூட்டிவந்தார். பன்னிரண்டாம் நாள் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கினார். மையத்தின் வக்கீல் நோட்டீஸ். உடனே தொழிலை நிறுத்து, நஷ்டஈடு கொடு, பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் வழக்கு.

கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"உனக்கு இது வேணுமா? கோர்ட்டு வாசல்ல யாரு போய் நிக்கிறது?"

"நான் நிக்கிறேன்" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர், பலகையின் ஆணி ஆடுகிறது, நாளைக்கு இறுக்கித் தருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

பதிலைத் தானே எழுதுவேன் என்று தீதி பிடிவாதம் பிடித்தார். அவருக்கு ஜூனியர்கள் உண்டு, அவர்களிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அவர் விடவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு என் முன்னறையில் உட்கார்வார். ஒரு சொல்லைத் தேடுவார். கிடைத்ததும் சொல்வார். நான் எழுதுவேன். சில நாள் காலை முழுக்க ஒரே வாக்கியம். ஒருநாள் 'தொழில்' என்ற சொல் வராமல் கண்ணீர் விட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என் கையிலிருந்த சொல்லை நானே விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல், ரிக்‌ஷாவில் ஏறப் போனவர் பாதியில் திரும்பி வந்து அதைச் சொன்னார். நான் பல வருடங்களாக எத்தனையோ பயிற்சிகள் செய்ய வைத்திருக்கிறேன். அந்த ஒண்ணேகால் பக்கக் கடிதத்தைப் போல எதுவும் யாரையும் பேச வைத்ததில்லை. ஒன்பது நாளில் முடிந்தது. கீழே இடது கையால் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் கையால் வக்கீலாக அவர் போட்ட முதல் கையெழுத்து அது.

பதில் போய்ச் சேர்ந்ததும் மையத்திலிருந்து போன் வந்தது. வழக்கு வேண்டாம், நேரில் பேசலாம் என்றார்கள். நானும் தீதியும் போனோம். இயக்குநரின் அறையில் அவரும், அவர் பக்கத்தில் அவர்களுடைய வக்கீலும். முப்பத்தைந்து வயதிருக்கும் மனிதர். மரியாதையானவர், ஆனால் வேகம். அவர் சொன்னதன் சாரம்: சட்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் ஆயுசு முழுக்கத் தடுக்கவில்லை. இரண்டே வருடம், பதினைந்தே கிலோமீட்டர். நியாயமான அளவுதான். நியாயமான தடையை நீதிமன்றம் ஏற்கும்.

எல்லோரும் தீதியைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

இயக்குநர் சங்கடத்தில் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். அந்த வக்கீல் மறுபடி பேச வாயெடுத்தார். பதில் எனக்குத் தெரியும். கடிதம் எழுதிய ஒன்பது நாளில் அது எனக்கு மனப்பாடம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நோயாளிகளின் வீட்டாருக்கு நான் முதல் நாளே சொல்லும் விதி ஒன்று உண்டு. அவர்கள் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். மனசுக்குள் எண்ணுங்கள், காத்திருங்கள். நான் எண்ணினேன். அந்த வக்கீலிடம் கையைக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இருபதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தபோது தீதியின் இடது கை மேசை மேல் ஏறியது.

"சின்னதா... பெரிசா... கேள்வி இல்ல" என்றார். மூச்சு வாங்கினார். "வேலையில இருக்கும்போது, சரி. விட்ட பிறகு... செல்லாது. ஒரு நாளும்... செல்லாது. ஒரு கிலோமீட்டரும்... செல்லாது."

எண்ணிப் பார்த்தால் இருபது சொற்கள்கூட இருக்காது. ஒன்றுகூடத் தடம் மாறவில்லை. விலகிய பிறகான தடை என்றால், அது நியாயமான அளவா இல்லையா என்ற கேள்வியே நம் நாட்டுச் சட்டத்தில் எழாது என்பதுதான் முழு வழக்கும். அவர் அதைச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த வக்கீல் கோப்பை மூடினார். தீதியை ஒரு கணம் பார்த்து, தலையை லேசாகத் தாழ்த்தினார். பிறகு இயக்குநரிடம், வெளியே போய்ப் பத்து நிமிடம் பேசலாமா என்று கேட்டார். அவர்கள் போனதும் தீதி என் பக்கம் திரும்பினார். முகம் வேர்த்திருந்தது. சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திக்கொண்டோம்.

திரும்பி வந்ததும் இயக்குநர், நோட்டீஸை வாபஸ் வாங்குகிறோம் என்றார். நோயாளிகளின் விவரங்களையும் மையத்தின் பொருட்களையும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். நான் பையிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் திறந்து, மேலே இருந்த மங்கி குல்லா அட்டையை எடுத்துப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும்.

"இதெல்லாம் நீங்க வரைஞ்சதா?"

ஆமாம் என்றேன். ஒன்பது வருடத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. பெட்டியை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டியை அங்கே விட்டுவிட்டு வந்தபோது மனசு கனக்கத்தான் செய்தது. ஆனால் படியிறங்கி வெளியே வந்து ரோட்டில் நின்றபோது, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மண் குவளைத் தேநீர் குடித்தோம். அவ்வளவு ருசியான தேநீரை நான் இந்த ஊரில் குடித்ததில்லை.

வாபஸ் கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. விஷயம் எப்படியோ கசிந்து, மையத்தில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் ஒப்பந்தங்களை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியே இல்லை என்று அங்கே இருக்கும் ஒரு தோழி சொன்னாள்.

தீதி வாரத்தில் மூன்று நாள் அலிப்பூருக்குப் போகிறார். வாதாடுவது ஜூனியர்கள்தான், ஆனால் அவர்கள் பேசும் ஒவ்வொரு வரியும் அவர் சொன்னது. சென்ற மாதம் ஒரு வழக்கில் தானே எழுந்து நின்று நீதிபதியிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதாகச் சொன்னார். அதை என்னிடம் சொன்னபோது அது ஏழு வாக்கியமாக நீண்டது.

எனக்கு இப்போது இரண்டு அறைகள், உதவிக்கு ஒரு தெரபிஸ்ட். அவளுக்கான ஒப்பந்தத்தை நானே எழுதினேன். அதை எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். புரியாததைக் கேட்கச் சொன்னேன். நாலு கேள்வி கேட்டாள். இரண்டு வரிகளை அவளுக்காக மாற்றினேன். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.

அந்த ஐந்து மாதம் என்னை யாரும் தடுக்கவில்லை, நான் படிக்காமல் விட்ட ஒரு பத்தியும் அது கேள்விக்கு அப்பாற்பட்டது என்ற என் நம்பிக்கையும்தான் தடுத்தன என்று நினைக்கும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக, சட்டம் என்பது எங்கோ நீதிமன்றத்தில் பெரியவர்களுக்காக இருப்பது அல்ல, என் கைக்கு எட்டும் தூரத்தில் எனக்காகவும் நாலு வரி எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற தெம்பு இருக்கிறது. அது வந்த பிறகு எந்தக் காகிதத்தின் முன்னாலும் நான் தலை குனிந்து உட்காருவதில்லை.